மூன்றாவது சுத்தியல் அடி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவன், இரும்பைத் தவிர எதையும் நம்பியதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். ராயபுரத்தில் என் எதிர்வீட்டில் ரோஸ் துரை என்று ஓர் ஆங்கிலோ இந்தியர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வாதத்தில் வலது கை விழுந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமபோனுக்குச் சாவி கொடுக்க என்னைக் கூப்பிடுவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிம்பொனி, பன்னிரண்டு இசைத்தட்டு, பக்கத்துக்கு நாலு நிமிஷம்தான், திருப்பித் திருப்பிப் போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நூறு பேருக்கு மேல் சேர்ந்து வாசிக்கிறார்களாம். முதலில் எரிச்சலாக இருந்தது, போகப்போக என்னைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு மெட்டு ஏறி ஏறிப் போகும், உச்சியில் பெரிய சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். இரண்டே அடி.

எங்கள் வேலையிலும் சுத்தியல்தான் பேச்சு. கப்பல் கிடங்குக்குள் நடப்பது மேலே இருக்கும் வின்ச்காரனுக்குத் தெரியாது. கிடங்கு விளிம்பில் நிற்பவர் இரும்பில் இரண்டு தட்டினால் சரக்கைத் தூக்கு, மூன்று தட்டினால் கீழே இருப்பவர்கள் விலகி ஓட வேண்டும். இது எங்கள் கூட்டத்து வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை விழுந்தது. கிடங்கில் வேலை செய்யும் அமீர், என் உயிர்த் தோஸ்து, "இன்னா நைனா, பாட்டு போச்சேன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? வேற ஆள வுட்டுட்டுப் போ" என்றான். பக்கத்துக் கூட்டத்து ஆளோடு முறையை மாற்றிக்கொண்டேன். அவர்களிடம் இரண்டு தட்டினால் இறக்கு என்று வழக்கம். அது எனக்குத் தெரியும். கிளம்புகிற அவசரத்தில், எங்கள் வழக்கம் வேறு என்று அந்த மாற்று ஆளிடம் சொல்லவில்லை.

துரை வீட்டில் இருந்தபோது துறைமுகத்தின் மூன்று மணிச் சங்கு ஊதி அடங்கியது. கடைசி இசைத்தட்டு, மெட்டு ஏறியது, ஓர் அடி, இன்னோர் அடி. பிறகு மூன்றாவது விழுந்தது. மேஜை அதிர்ந்தது, என் கால் தானாக ஒதுங்கியது.

"தொர, மூணு வுந்துச்சே?"

"ரெண்டுதான்பா. நூறு தபா கேட்டுகிறேன்."

அதே பக்கத்தைத் திரும்பப் போட்டோம். இரண்டுதான். துறைமுகத்துக்கு ஓடினேன்.

எல்லாம் முடிந்திருந்தது. சங்கு ஓய்ந்ததும், பாதியில் தொங்கிய தண்டவாளக் கட்டைத் தூக்கச் சொல்லி விளிம்பில் நின்றவர் இரண்டு தட்டியிருக்கிறார், மாற்று ஆள் இறக்கிவிட்டான். கீழே இருந்த நாலு பேரும் மூன்றாவது அடி கேட்டு ஓடினோம் என்றார்கள். தட்டியவரோ பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தார், இரண்டுதான் என்று. மூன்று பேர் தப்பினார்கள். அமீருக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், மனைவி கைருன்னிசா தலைமாட்டிலேயே இருந்தாள். கடைசி நாட்களில் எதையோ முனகினான். காதைக் கொண்டுபோனேன். அந்த ஏறுகிற மெட்டு.

"எங்கடா கேட்ட இத?"

"அந்த அடிக்கு முன்னாடி, கீய, கெடங்குல. யாரோ நெறைய பேரு வாசிச்சாங்கோ."

துரை வீட்டுப் பக்கமே அவன் வந்ததில்லை. எனக்கோ நாலு வரி சேர்ந்தாற்போல் பாட வராது, முணுமுணுத்துக்கூடக் காட்டியதில்லை. என்னால்தான் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அவனும் போய்விட்டான்.

அவன் மகளுக்கு இப்போது கைக்குழந்தை. அம்மாவிடம் கற்றதாம், அந்த மெட்டை முனகித்தான் தூங்க வைக்கிறாள். உச்சிக்கு வந்ததும் முதுகில் மூன்று முறை தட்டுகிறாள்.

"ரெண்டு போதாதாம்மா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"மூணாவது தட்டுனாதான் மாமா புள்ள கண்ண மூடுது" என்றாள்.

இரண்டாவது தட்டிலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன்.