அம்மன் வந்த பெரட்டு

மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டமொன்றில், நாள்தோறும் விடியுமுன் தப்படித்து ஆட்களை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அழைப்பது மாயழகுவின் தொழில். மாரியம்மன் திருவிழாவில் கூலி வாங்காது வாசிப்பதோ அவர் கொண்ட நோன்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டுத் திருவிழாவில் அம்மன் தேர் ஏற்றத்துச் சேற்றில் புதைந்தது. அம்மனை அழைக்கும் சாமியடி எத்தனை முழங்கியும் அது அசையவில்லை. தம் பக்தியில்தான் குறையோ என்று கலங்கிய மாயழகுவின் கைகள், பழக்கத்தால் தாமறியாமலே பெரட்டு அடிக்குத் தாவின. வடம் பிடித்தோர் அனைவரும், பிந்தினால் கங்காணி ஏசுவாரே என்று பதறி ஒருசேர முன்னே பாய்ந்தனர். தேர் மேடேறி நின்றது!

"என்னங்க, சாமியவே பெரட்டுக்குக் கூப்பிட்டுட்டீங்களே!" என்று மனைவி அழகம்மை சிரித்தாள்.

"சும்மா இரு புள்ள. ஆத்தா கூப்பிட்ட ஒடனே வந்துட்டா, ஒன்னய மாதிரி பிந்தி வரல" என்ற மாயழகு, தப்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.