நின்றுகொண்டே போன் பேசுகிறவர்

போன் அடித்ததும் பாதி சுற்றிய கட்டோடு வேதாசலம் எழுந்து நின்றுவிட்டார். துணிச்சுருள் என் மடியிலிருந்து விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். அந்தக் காலைத்தான் தரையில் ஊன்றியிருந்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை ஒரு கையால் இறக்கிவிட்டு, மறு கையில் போனைக் காதோடு அழுத்தி, "சொல்லுங்கண்ணே... சரிங்கண்ணே... ஆகட்டுங்கண்ணே" என்றார். எதிரே இருந்தது சுவரும் ஒரு காலண்டரும்தான். மறுமுனை ஓய்ந்த பிறகும் சற்று நேரம் நின்றார்.

"அவருக்குத் தெரியவா போவுது? உக்காந்தே பேசுங்களேன்" என்றேன்.

"கொரல்ல தெரிஞ்சிடும் சிஸ்டர்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஜெயம்மாளின் குரல் வந்தது. "காலு போனாலும் பரவால்ல சிஸ்டரம்மா, மாவட்டத்தோட போனு போவக்கூடாது."

வேதாசலம் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. ஊரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பாலாற்றை ஒட்டி, காற்றடித்தால் தோல் வாடை வீசும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. நகராட்சியில் பதின்மூன்றாவது வார்டு கவுன்சிலர். நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். நாலு மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் இருக்கிறேன்.

அவருடைய கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற வழக்கம் இங்கே இல்லை. 'மாவட்டம்' என்பார்கள். மாவட்டம் சாப்பிட்டாரு, மாவட்டம் தூங்கறாரு, மாவட்டத்துக்குக் கோபம். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

புண் வந்ததும் மாவட்டத்தால்தான். அவரை வரவேற்க நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். செருப்பில் ஆணி ஏறியது தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து ஜெயம்மாள் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாராம். இருபது வருஷச் சர்க்கரை; பாதத்தில் உணர்ச்சி இல்லை. வலிக்கிற புண்ணைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. நோயாளியே அதைப் பார்த்துக்கொள்வார். வலிக்காத புண்தான் காலை எடுக்க வைக்கும்.

இருபத்திரண்டு வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். தோலால் ஆன எதைக் கண்டாலும் கை தானாகப் போய்த் தடவும். என் பையை ஒருநாள் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோலே கெடயாது சிஸ்டர், ரெக்ஸின். நல்லா ஏமாத்திட்டான்" என்றார். தோலில் பூச்சிக்கடி, முள் கீறல், கத்திக் காயம் எங்கே இருக்கிறது என்பதை விரலாலேயே சொல்லுவார். "ஓட்டைய விட்டுட்டு சுத்தி வெட்டணும். ஓட்டை இருக்குது, ஓட்டை இருக்குதுன்னு சொல்லிட்டிருந்தா ஷூ ஆவுமா?" நகராட்சியைப் பற்றி என்ன கேட்டாலும் இதுதான் பதில்.

அங்கே மாதக் கூட்டம் ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். தீர்மானங்களை முந்தின நாளே மாவட்டத்தின் வீட்டில் எழுதிவிடுகிறார்கள். உறுப்பினர்கள் வந்து கையெழுத்துப் போட்டு, போண்டா சாப்பிட்டுக் கலைய வேண்டியதுதான். "பதினாலாம் வார்டு பட்டம்மா இருக்கே, அது பேனாவே எடுத்தார்றதில்ல" என்று குறைப்பட்டுக்கொள்வார். "எடதுபக்கம் உக்காந்துக்கும். மூணு வருஷமா என் பேனாதான். நான் போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம நீட்டிடுவேன். மூடி திரும்பி வராது."

ஜெயித்த வாரம் எல்லாரையும் ஏலகிரிக்குக் கொண்டுபோனார்கள். தலைவர் தேர்தல் முடியும்வரை மூன்று நாள். போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். படகில் போனதையும் சிக்கன் பிரியாணியையும் அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். கடைசி நாள் ஒவ்வொருவரும் ஒரு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தேதி போடவில்லை. தேதி போடுவது மாவட்டத்தின் வேலை.

"இப்படிப் பயந்துகிட்டு எதுக்கு அங்க இருக்கணும்? வெளிய வந்துடலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம்பொண்ணு நந்தினி பிரசவத்தப்ப ரத்தம் வேணும்னு போன் பண்ணேன் சிஸ்டர். அர மணில ஆறு பேர அனுப்பனாரு. அத மறந்தா நான் மனுசனா?" என்றார். பிறகு புண்ணைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆறு பேருக்கும் இப்பவும் எம்பொண்ணு வீடு தெரியும்" என்றார்.

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

போன முறை கவுன்சிலராக இருந்த ஹேமந்த் ஒரே ஒரு தடவை எதிர்த்து ஓட்டுப் போட்டானாம். "அடிச்சாங்களா?" என்றேன்.

"அடிச்சா சொல்லிக்கலாமே. யாரும் ஒண்ணும் பண்ல. டீக்கடைல போய் உக்காருவான், பக்கத்துல இருக்கறவன் எழுந்து போய்டுவான். ஒரு கல்யாணப் பத்திரிகை வராது. ஒரு வருசம் பாத்தான், குடும்பத்தோட ஊர விட்டே போய்ட்டான். இன்னா வரும்னு தெரிஞ்சா பயம் கம்மி சிஸ்டர். தெரியாததுதான் ஜாஸ்தி."

பட்டம்மாளும் இதே கட்சிதான். தன் வார்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கெமிக்கல் டிரம் கழுவும் கொட்டகைக்கு அனுமதி என்று தீர்மானப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். 'ஏகமனதாக' என்று எழுதியிருந்தது. பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து, "இத எப்பங்க படிச்சீங்க? நான் இங்கதானே இருந்தேன்" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுவாரம் பதினான்காம் வார்டில் தெருவிளக்கு எரியவில்லை. தண்ணீர் லாரி பதின்மூன்றாம் வார்டின் கடைசி வீட்டோடு திரும்பிப் போயிற்று. வேதாசலம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் பதவி போய்விடும் என்று விதி இருக்கிறதாம். மார்ச், ஏப்ரல், மே மூன்றுக்கும் பட்டம்மாள் வரவில்லை என்று ஆக்கிவிட்டால் போதும். அதற்காகப் புது வருகைப் பதிவேடு தயாராயிற்று. எல்லாரும் திரும்பக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டுப் போடும்போது அவர்தான் இதைச் சொன்னார்.

"ஏப்ரல்ல அந்தம்மாதானே உங்கள ஆட்டோவுல கொண்டாந்து விட்டாங்க" என்றேன்.

என் நோட்டில் அது இருக்கிறது. தேதி, நேரம், 'கூட்டத்துக்குப் போய் வந்தார், கட்டு ரத்தத்தில் நனைந்திருந்தது, பட்டம்மாள் அழைத்து வந்தார்'. ஆஸ்பத்திரிப் பழக்கம், பார்த்ததை எழுதிவிடுவேன்.

"அந்த நோட்ட யார்னா கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம்" என்றேன். அது ஒன்றும் தைரியமான பதில் இல்லை. என் வீட்டுக்கும் இதே நகராட்சித் தண்ணீர்தான். நோட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

அடுத்த முறை நான் போனபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே மாவட்டத்தின் உதவியாளர் செந்தில்குமார், வேதாசலத்தின் வலதுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையான ஆள். என்னைக் கண்டதும், "வாங்க சிஸ்டர், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். நான் இடதுபக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பழைய கட்டைப் பிரித்தேன். புண் ஓரத்தில் கறுத்திருந்தது.

"காலு எப்டிண்ணே இருக்குது? மாவட்டம் தெனம் கேக்கறாரு" என்றார் செந்தில்குமார். பிறகு, "ஏலகிரில போட்ட லெட்டரு எல்லாம் பத்திரமா இருக்குதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு" என்றார்.

"சரிங்க தம்பி."

"மத்தவங்க போட்டாச்சுண்ணே. நீங்கதான்."

வேதாசலத்தின் மடியில் பதிவேட்டை விரித்து வைத்தார். பசை வாடை இன்னும் போகாத புதுப் புத்தகம். பதின்மூன்றாவது வரி காலியாக இருந்தது. அதற்குக் கீழே பட்டம்மாளின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. ஜெயம்மாள் காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள்; உள்ளே வரவில்லை.

வேதாசலம் சட்டைப் பையிலிருந்து மூடியில்லாத பேனாவை எடுத்தார். தாளின் மேல் விரலை ஓட்டினார், தோலைத் தடவுகிற மாதிரி. பிறகு மார்ச்சுக்குப் போட்டார். பக்கத்தைத் திருப்பி ஏப்ரலுக்குப் போட்டார். திருப்பி, மே.

போட்டு முடித்ததும், தலையைத் திருப்பாமல், பேனாவை இடதுபக்கம் நீட்டினார்.

அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன், இரண்டு கையிலும் பஞ்சோடு. செந்தில்குமார் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டார். பேனா நீட்டியபடியே இருந்தது.