மாப்பிள்ளை கொண்டுவந்த சாக்கு

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஃபிராங்க்ளின் வீட்டுக்கு வழி கேட்டால், சிவப்புக் கார் நிற்கிற வீடு என்பார்கள். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, தரையை உரசிவிடுமோ என்று பயப்பட வைக்கும் அடிவயிறு. பீன்யா தொழிற்சாலையில் லேத் ஓட்டி அவர் ஓய்வு பெற்ற வருடம், முதலாளியின் மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. மழையில் ஒழுகும், வெயிலில் வேகும். டிரைவர் இருக்கையில் ஃபிராங்க்ளினைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. கல்யாண மோதிரத்தைக்கூட ஒரு தடவை நம்பிக் கழற்றிக் கொடுத்தார், கார் சாவியைத் தந்ததில்லை என்று மனைவி மௌரீன் சொல்வாள்.

மகள் ரூபினிக்குச் சனிக்கிழமை கல்யாணம். அந்தக் காரில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தானே ஓட்டிப்போய் சர்ச் வாசலில் இறக்க வேண்டும். இதை அவர் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்டீரிங் லூசாகிவிட்டது. இவர் இடதுபக்கம் திருப்பினால், சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு கொத்தமல்லி வண்டி மயிரிழையில் தப்பியது.

மௌரீனுக்கு வேலை, வீடு வீடாகப் போய் படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது. அழுது அடம்பிடிக்கிறவர்களிடம் பேசும் அதே குரலில், வெள்ளிக்கிழமைக்குள் சரியானால் உண்டு, இல்லையென்றால் வாடகைக் கார் என்று சொல்லிவிட்டாள். டிராவல்ஸ்காரனிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

மெக்கானிக் விக்கி முதலில் பவர் ஸ்டீரிங் ஆயிலை மாற்றினான். பிறகு பெல்ட்டை மாற்றினான். ஆட்டம் குறையவில்லை. வியாழக்கிழமை, பம்ப்பையே மாற்றலாம் என்றான். பம்ப் கெட்டால் ஸ்டீரிங் கனக்கும், இது வெண்ணெய் மாதிரி திரும்புகிறது, அப்புறம் பம்ப் எப்படிக் கெட்டதாகும் என்று ஃபிராங்க்ளின் சண்டை போட்டார். யாராவது மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை லேசாக ஆட்ட வேண்டும், தான் ஷெட்டில் காருக்கு அடியில் தோண்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை நாளாக அவரே ஆட்டிவிட்டு, அவரே இறங்கி ஓடிப்போய் அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் ஆட்டம் நின்றிருக்கும்.

அன்றைக்கு விக்கி கையெல்லாம் கிரீஸ். ஷெட்டில் இருந்த இன்னொரு ஆள் மாப்பிள்ளை ஜாய்சன்தான். திண்டுக்கல் பையன், சாஃப்ட்வேர் வேலைக்காகப் பெங்களூர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாண கோட்டு தைத்து வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போக வந்தவனை ஃபிராங்க்ளின் மேலும் கீழும் பார்த்தார். பெண்ணையே கொடுக்கப்போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சாவியை நீட்டினார்.

"செருப்பக் கழட்டிட்டு உக்காருப்பா."

ஜாய்சன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். இன்ஜின் ஓடியது. ஃபிராங்க்ளின் டார்ச்சுடன் பள்ளத்தில் இறங்கினார். லேசாக ஆட்டச் சொன்னால், பையன் மாமனாருக்கு முன்னால் குறை வைக்கக் கூடாது என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுற்றினான். எல்லாம் சேர்ந்தே திரும்பியது. எது ஆடுகிறது என்று எப்படித் தெரியும்?

"சாக்கு, சாக்கு" என்றார் கீழேயிருந்து.

கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். ஜோகுபாளையத்துத் தமிழர்கள் சோற்றுத் தட்டின் முன்னாலும் அதைத்தான் சொல்வார்கள். ஜாய்சனின் ஊரில் சாக்கு என்றால் கோணிப்பை. மாமா ஈரத்தில் படுக்கப்போகிறார் போலிருக்கிறது என்று அவன் பதறிப்போய் எழுந்தான். அவ்வளவு தாழ்ந்த காரில் சும்மா எழ முடியாது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து ஒரு இழு இழுத்து எழுந்து வெளியே ஓடினான்.

பள்ளத்தில் ஃபிராங்க்ளின் டார்ச்சை மேலே பிடித்திருந்தார். அந்த இழுப்பில் ஸ்டீரிங் தண்டு அடியில் போய்ச் சேருகிற ஜாயிண்ட் 'டக்' என்று நகர்ந்தது. மேல் தண்டு திரும்பியது, கீழே ஒன்றும் திரும்பவில்லை. பிடித்திருக்க வேண்டிய போல்ட் தளர்ந்து நின்றது.

"இன்னொரு தபா பண்ணு" என்றார். மேலே ஆள் இல்லை.

ஜாய்சன் பக்கத்து அரிசிக் கடையிலிருந்து வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் சாக்கை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். "ஒண்ணு போதுமா மாமா?" என்றான். விக்கி சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் பள்ளத்தில் விழுந்தது. சாக்குக்கு அர்த்தம் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

அவனை மறுபடியும் உட்கார வைத்து, எழ வைத்து, உட்கார வைத்தார் ஃபிராங்க்ளின். ஒவ்வொரு இழுப்புக்கும் ஜாயிண்ட் டக்கென்றது. நாலாவது தடவை அவருக்கே உறைத்தது. மூட்டு வலி வந்த நாளிலிருந்து தானும் இப்படித்தான், இவனைப்போல் இரண்டு மடங்கு உடம்பை, அந்த ஸ்டீரிங்கில் தொங்கித்தான் தூக்குவது. விக்கியிடம் இதைச் சொல்லவில்லை. ரோடு சரியில்லை, அதனால்தான் போல்ட் தளர்ந்தது என்றார்.

விக்கி சிவாஜி நகரில் பழைய பார்ட்ஸ் விற்கிற இடத்தில் அலைந்து வேறு ஜாயிண்ட் பிடித்து வந்தான். வெள்ளிக்கிழமை மாட்டிப் புது போல்ட்டைப் போட்டு முறுக்கியதும் ஸ்டீரிங் சொன்ன சொல் கேட்டது. வீட்டில் மௌரீன், கார் வந்து நிற்பதையும் புருஷன் ஸ்டீரிங்கைப் பிடித்து எழுவதையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்கதான் அதப் பேத்துருக்கீங்க. என் பேஷண்ட் ஒருத்தர் இப்படியே தொங்கி வாஷ்பேசினையே கையோட கொண்டாந்தாரு."

நாளைக்கும் இப்படி எழுந்தால் டிராவல்ஸ்காரனைக் கூப்பிடுவேன் என்றாள். பிறகு அந்த அரிசிச் சாக்கை எடுத்து நாலாக மடித்து டிரைவர் இருக்கையில் போட்டாள். வழுக்குகிற சாக்கில் உட்கார்ந்தால் உடம்பு தானாகச் சுற்றும். இரண்டு காலையும் வெளியே போட்டு, முன்னால் குனிந்து, கையைத் தொடையில் ஊன்றி எழ வேண்டும். இடுப்பு உடைந்த பாட்டிகளை அவள் காரிலிருந்து இறக்குவது அப்படித்தான். ஃபிராங்க்ளின் முகம் தூக்கிக்கொண்டு பத்து தடவையாவது பழகியிருப்பார்.

சனிக்கிழமை கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. சர்ச் வாசலில் நிறுத்தி, கோட்டும் டையுமாக அரிசிச் சாக்கில் சுழன்று, குனிந்து, ஸ்டீரிங்கைத் தொடாமல் எழுந்து நின்றார். மறுபக்கம் போய் மகளுக்குக் கதவைத் திறந்தார். போட்டோக்காரன், படம் சரியாக விழவில்லை, மறுபடி உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றான். எழுந்தார். இன்னொரு தடவை என்றான்.

"சாக்குப்பா" என்றார் ஃபிராங்க்ளின்.

வாசல் படியில் பூச்செண்டோடு நின்ற மாப்பிள்ளை விறுவிறுவென்று இறங்கி வந்து, இருக்கையிலிருந்த சாக்கை உருவி மாமனார் கையில் கொடுத்தான். போட்டோ அப்போதுதான் சரியாக விழுந்தது.