சகாதேவன் கழுவிய கல்

திண்டிவனம் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் சகாதேவனுக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. வண்டி கழுவுகிறவருக்கு அது தொழில்தானே என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் பிறகு வந்தது, குணம் பிறக்கும்போதே கூட வந்தது. டீக்கடையில் கொடுக்கிற கிளாசை வாங்கி இன்னொரு தரம் அலசிவிட்டுத்தான் குடிப்பார். பஸ்ஸில் சீட்டைத் துடைக்காமல் உட்கார மாட்டார். பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் முடித்துத் திரும்புகிற சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் சேறும் தூசியுமாக அவர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பந்தியில் முதல் இலைக்கு உட்கார்ந்தவன் முகத்தில்கூட அத்தனை சந்தோஷம் இருக்காது.

மனைவி சரோஜா முப்பது வருஷமாக அவரோடு குப்பை கொட்டுகிறாள் என்று சொல்லலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அந்த வீட்டில் குப்பையே கிடையாது.

இந்தக் குணத்தால்தான் ஒரே மகள் கீதாஞ்சலி வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். கல்லைப் பற்றிப் படிக்கிற பெண் அவள். ஆகாயத்திலிருந்து விழுகிற கல். வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் கிடைத்துப் போனாள். ரயிலேற்றிவிட்டு வந்த சகாதேவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகளுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தார். அவள் அறையைக் கழுவினார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் சுவர் முழுக்கப் பென்சிலால் போட்டு வைத்திருந்த நட்சத்திரங்கள், கோடுகள், கணக்குகள் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து, மேலே வெள்ளையும் அடித்தார். தீபாவளிக்கு வந்தவள் கதவைத் திறந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி. தான் செய்த தப்பு என்னவென்று சகாதேவனுக்கு விளங்கவேயில்லை. பளிச்சென்றுதானே வைத்திருந்தார்!

இப்படி இரண்டு வருஷம் ஓடின பிறகு, ஒரு மாசி மாதத்துக் காலையில் கீழ்பென்னாத்தூர் பக்கம் வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குவாரியில் வேட்டு வைக்கிறார்கள் என்று ஊரில் யாரும் தலையைத் தூக்கவில்லை. சரோஜாவின் தம்பி பிரகாஷ் மட்டும் தன் வேர்க்கடலைக் கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு நாலு பாத்தி தள்ளி, மண்ணைக் கிளப்பிக்கொண்டு கரிக்கட்டை மாதிரி ஒரு கல் விழுந்திருந்தது. எழுந்ததும் போனில் படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினான்.

அரை மணி நேரத்தில் சகாதேவனின் போன் அடித்தது. திரையில் மகள் பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே எடுத்தார்.

"அப்பா, மாமா ஒரு கல்லு கொண்டாந்து குடுப்பாரு. பத்திரமா வை. யார் கையும் படக்கூடாது. நாளைக்கு நான் வரேன்."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தாம்ப்பா."

போனை வைத்த கையோடு சரோஜாவிடம் சொல்ல ஓடினார்.

பிரகாஷ் சாயங்காலம் கல்லைத் தன் எக்செல் வண்டியின் முன்னால் தொங்கும் ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். அந்த வண்டியின் நிறம் என்ன என்று கேட்டால் அவனுக்கே சந்தேகம் வரும். வாங்கின நாளிலிருந்து தண்ணீர் பட்டதில்லை. மச்சானையும் வண்டியையும் பார்க்கும்போதெல்லாம் சகாதேவனுக்குக் கை அரிக்கும். அன்று விடவில்லை.

"டேய், பொண்ணு வர்ற நேரத்துல இத்த வாசல்ல நிறுத்தாத. வுட்டுட்டு பஸ்ல போ. காலைல கழுவி வெக்கறேன்."

"இன்னா மாமா, ஓடற வண்டிதான?" என்று முனகிவிட்டு அவன் பஸ்ஸுக்குப் போனான்.

விடிந்ததும் சகாதேவன் கடையைத் திறந்தார். முதலில் கல், அப்புறம் வண்டி என்று மனதுக்குள் திட்டம். கல்லைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மேலெல்லாம் கொல்லை மண், உதிர்கிற கரி. இரண்டு வருஷம் கழித்து வருகிற மகள் கையில் இதை எப்படிக் கொடுப்பது? அவள் சொன்னதை அவர் மறக்கவும் இல்லை. யார் கையும் படக்கூடாது. புதுக் கையுறை வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு, தேய்த்துக் கழுவிய தாம்பாளத்தில் கல்லை வைத்து, ஒரு மக்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்.

கல் நுரைத்தது. சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. ரோட்டில் தார் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. ஓரத்தில் ஒரு கறுப்புச் சில்லு கழன்று விழுந்ததும் சகாதேவனுக்குச் சந்தோஷம்தான். அழுக்கு விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். உள்ளே நல்ல கல் இருக்கும். கம்ப்ரசரைப் போட்டு, தண்ணீர் பீய்ச்சுகிற கன்னை எடுத்து, வேகத்தைக் கம்மியாக வைத்து அடித்தார். கழுவக் கழுவ அழுக்கு போனது. அழுக்கெல்லாம் போனபோது கல் இல்லை.

தாம்பாளத்தில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மிச்சமெல்லாம் சிமெண்டுத் தரையில் வழிந்து, டீசலும் கிரீசும் மிதக்கிற சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. சகாதேவன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். கல் கரையுமா? சர்க்கரை கரையும், உப்பு கரையும். கல் எங்காவது கரையுமா? சட்டென்று மண்டியிட்டு, போகிற சேற்றை இரண்டு கையாலும் அணை கட்டித் தடுத்தார். விரலுக்கு நடுவே ஒழுகிக்கொண்டு போய்விட்டது. கன்னைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெம்பு இல்லை. பிரகாஷின் வண்டி அப்படியே நின்றது.

கீதாஞ்சலி ஆட்டோவில் வந்து இறங்கியபோது, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் கையில் காற்றுப் புகாத ஒரு ஸ்டீல் டப்பா.

"கல்லு எங்கப்பா?"

சகாதேவன் தாம்பாளத்தைக் காட்டினார்.

அவளுக்குப் புரியவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கம்ப்ரசரைப் பார்த்தாள். புரிந்தபோது, கழுவ நின்ற ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"கழுவிட்டியா?"

"கை படக்கூடாதுன்னுதானம்மா சொன்ன. கை படவேயில்ல. இதோ பாரு, கிளவுஸு."

"தண்ணி படக்கூடாதுன்னு சொல்லல நானு. சொல்லணும்னே தோணல. கல்ல யாராச்சும் கழுவுவாங்களான்னு..." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொல்லியிருக்கணும். வேற யார்கிட்ட சொல்லாட்டியும் உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

சரோஜா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்கிற ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கடுகளவு கறுப்புப் பொடி கொஞ்சம் வந்திருக்கிறதாம். விண்கலம் ஒன்று சூரியனைச் சுற்றுகிற ஒரு சிறுகோளுக்கே போய், அதன் மேலிருந்து அள்ளிக்கொண்டு வந்த பொடி. வந்த நாளிலிருந்து நம் காற்றுகூடப் படாமல் நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"அதுல உப்பு இருக்குப்பா. அதே மாதிரிக் கல்லுங்க முன்னாடி பூமியில விழுந்து மியூசியத்துல இருக்கு. அதுல அந்த உப்பக் காணோம்."

"எங்க போச்சு?"

"நம்ம ஈரக்காத்துதான். கரைச்சு, மாத்தி, வேற என்னவோ ஆக்கிடுச்சு. விழுந்தவுடனே, ஒரு சொட்டு மழ படாம எடுத்த கல்லு ஒண்ணு கெடச்சா, அந்தப் பொடியும் இதுவும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னு ஓடியாந்தேன்."

சகாதேவன் ஆடிப்போனார். "அப்ப உலகத்துல இருக்கற கல்லெல்லாம் என்ன மாதிரி எவனோ கழுவி வெச்சதா?"

"யாரும் கழுவல. சும்மா காத்துல வெச்சிருந்தாங்க, அதுக்கே அப்படி ஆயிடுச்சு. கழுவினது நீ மட்டுந்தான்."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. வாடின முகத்தோடு தாம்பாளத்துச் சேற்றையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"என் ரூமையும் இப்படித்தான கழுவுன. அங்க நான் இருந்தேங்கறதுக்கு ஒரு கோடுகூட வுடல."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. கல் கரைந்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் விளங்காதது ஒரு நொடியில் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிரகாஷ் வந்தான். "இன்னாக்கா, எழவு வீடு மாதிரி உக்காந்துகினு கீறீங்க? மாமா, வண்டி கழுவியாச்சா?" வண்டியைப் பார்த்தான். "எங்க, அப்படியே கீது?"

கீதாஞ்சலி விருட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, கல்ல எதுல போட்டுக்கினு வந்த?"

"இதோ, இந்தப் பையிலதான். ஏன்?"

நாலு பேரும் வண்டியைப் பார்த்தார்கள். பீய்ச்சுகிற கன் அதற்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. கல் கரையாமல் இருந்திருந்தால் இந்நேரம் சகாதேவன் அந்தப் பையை உள்வெளியாகத் திருப்பித் தேய்த்திருப்பார். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். குழாயைத் திருகி மூடினார். அப்படியும் மனம் ஆறாமல், பக்கெட்டில் இருந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வந்தார்.

கீதாஞ்சலி பையைப் பிரித்தாள். கடலைத் தோல், பீடித் துண்டு, துருப்பிடித்த ஸ்பேனர், எந்தக் காலத்துத் தூசியோ. அதற்கெல்லாம் அடியில், மடிப்புக்குள், கறுப்பாக இரண்டு மூன்று துண்டு. பெரியது சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும்.

"பீடிச் சாம்பல்லாம் கீதேம்மா," என்றார் சகாதேவன் பயந்துகொண்டே.

"இருக்கட்டும்ப்பா. ஒட்டிக்கினு இருக்கறத நான் பிரிச்சு எடுத்துக்குவேன். கரைஞ்சுபோனத எங்க போய்ப் பிரிக்கறது?"

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவுக்குள் வைத்தாள். அழுக்கு வண்டியின் சொந்தக்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். முதல் முறையாக அவனை ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டார்.

கொல்லையில் இன்னும் சிதறல் இருக்கலாம் என்று கீதாஞ்சலி சில நாள் தங்கித் தேடினாள். அந்த வெள்ளைச் சுவர் அறையில்தான் படுத்தாள். சகாதேவன் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பாத்திகளில் நடந்தார். எதையாவது கண்டால் குனியாமல் கத்துவார். பெரும்பாலும் ஆட்டுப் புழுக்கைதான். ஒரு தரம் நிஜமாகவே துண்டு ஒன்று கிடைத்தது. அன்றைக்கு மகள் அவரோடு சிரித்துப் பேசினாள். அறையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை அவசரமாகக் காபியைக் குடித்து, டம்ளரை அறை ஜன்னலில் வைத்துவிட்டு ஆட்டோ ஏறினாள். பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த சகாதேவன், அறை வாசலில் நின்றார். கட்டில் விரிப்பு கசங்கிக் கிடந்தது. தரையில் கொல்லைச் செம்மண். ஜன்னலில் அந்த டம்ளர், அடியில் காய்ந்த காபி.

சரோஜா வழக்கம்போல விளக்குமாறும் பக்கெட்டுமாக வந்தாள். மனுஷன் கழுவ ஆரம்பிப்பதற்குள் பாத்திரத்தையாவது எடுத்துவிடலாம் என்று கையை நீட்டி டம்ளரை எடுத்தாள்.

"கழுவாத!"

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டார். சரோஜா வெலவெலத்துப்போய்த் திரும்பினாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அத்தக் கழுவாத சரோஜா. அப்படியே இருக்கட்டும்."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. டம்ளர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.