சுவருக்குள் தோய்த்த உடுப்பு

நேற்றுக் காலை, மெல்பன் புறநகரான ட்ருகனினாவில், எங்கள் புது வீட்டின் படுக்கையறைச் சுவரிலிருந்து தச்சர் ஒரு பலகையைக் கழற்றினார். அழகுக்காக நாங்களே விரும்பி அடிப்பித்த பலகை. பின்னால் குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. வீடு கட்டியவர்கள் அந்தச் சுவரை மட்டும் மறந்துவிட்டார்களாம். மூன்று குளிர்காலமாக நான் ஹீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது.

அந்த ஓட்டையிலிருந்து வந்த புழுதி மணம் என்னை நேரே நகரின் மறுபக்கத்திலுள்ள டண்டினொங்குக்குக் கொண்டுபோய் விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே குகன் அண்ணையும் நானும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். வெளியிலும் பலகை, உள்ளேயும் பலகை, இடையில் காற்று. சுவரில் கை வைத்தால் விரல் விறைக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு அண்ணையின் மனைவி வதனி அக்காவுக்கு விசா கிடைத்திருந்தது. அவருக்கு முட்டு வருத்தம். குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். அவர் வந்திறங்க மூன்று கிழமைதான் இருந்தது.

சுவரை நிரப்பவேண்டும் என்றார் அண்ணை. சரி, பஞ்சு வாங்குவோம் என்றேன். அவருடைய கண்ணோ பின்வளவு ஷெட்டுக்குப் போயிற்று. ஊருக்கு அனுப்பவென்று தெரிந்தவர்களிடம் சேர்த்து, அனுப்ப வழியில்லாமல் போன பழைய உடுப்புகள் அங்கே அரிசிச் சாக்குகளில் கிடந்தன.

"அண்ணை, துணி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்."

"சனத்தைக் குளிரிலை காக்கிற உடுப்பு சுவரைக் காக்காதோ?"

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், வளவு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார். அதில் யார் யாரோ போட்ட கால்சட்டைகளும் ஸ்வெட்டர்களும் சொட்டுகின்றன. சுவருக்குள் போகப்போகிற துணியை, நம்புங்கள், மனிதர் தோய்த்திருக்கிறார்.

"ஆரோ உடுத்த உடுப்பு. தோய்க்காமல் அவள் படுக்கிற அறைக்கை வைக்கேலுமே?"

மெல்பன் குளிர்காலத்தில் ஒரு கைக்குட்டை காயவே இரண்டு நாள் செல்லும். அவர் பொறுப்பாரா? அரைகுறையாகக் காய்ந்ததையெல்லாம் ஒழுங்காக மடித்து, மடிப்பு வேறு, உள்பலகைக்குப் பின்னால் அடைத்து ஆணி அடித்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா வந்து இரண்டாம் கிழமை அறை பூஞ்சணம் மணத்தது. மூன்றாம் கிழமை அவருக்கு மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ் வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் நாங்கள் பலகைகளைப் பிடுங்கினோம். உள்ளே எல்லாம் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அண்ணையோ ஒவ்வொரு உடுப்பாக எடுத்துச் சாக்கில் போட்டார், அப்போதும் மடித்து. பிறகு பஞ்சு வாங்கி அடைத்தோம். அந்தப் பஞ்சின் கண்ணாடி நார் குத்தி ஒரு கிழமை உடம்பெல்லாம் அரித்தது.

வீடு திரும்பிய அக்காவிடம் நடந்ததை நானே போட்டுக்கொடுத்தேன். நாலு ஏச்சு ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவ்வளவையும் கையாலையோ தோய்ச்சவர்?"

"ஓம்," என்றேன் எரிச்சலோடு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து நான்கு யூனிட்டுகள் கட்டிவிட்டார்கள். குகன் அண்ணையும் போன வருடம் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, அண்ணையின் உடுப்புகளை ஒரு பையில் போட்டு, யாருக்காவது கொடுக்கச் சொல்லித் தந்தார். சேட்டுகள் எல்லாம் தோய்த்து மடித்திருந்தன.

"நல்லாக் காஞ்சிட்டுது தம்பி," என்றார். "தொட்டுப் பாரும்."

தொட்டுப் பார்த்தேன். அந்தப் பையை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. காரின் பின்பெட்டியில் கிடக்கிறது. அதற்கும் எனக்கு அண்ணைமேல்தான் கோபம் வருகிறது.