ஒல்லி டயரும் தடி டயரும்

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸம்மாவின் சைக்கிள் ஒருநாள் நடுரோட்டில் இரண்டாக முறிந்தது. பத்தொன்பது வருஷம் உழைத்த வண்டி. அதைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சைக்கிள் கடையில் அவள் கைக்காசுக்கு எட்டியவை இரண்டு. ஒன்று ரோடு பைக்: ஒல்லி டயர், வளைந்த கைப்பிடி, ஒரு கையால் தூக்கிவிடலாம். மற்றது மவுண்டன் பைக்: தடி டயர், முன்னால் ஸ்பிரிங், எருமைக் கனம்.

"நீங்க போற ஏழு வீட்ல எத்தனை தார் ரோடு?" என்றார் கடைக்காரர்.

"ஆறு."

"அப்புறம் என்ன யோசனை? ஒல்லிய எடுங்க. பறக்கலாம்."

"இந்த வயசுல பறந்து எந்தக் கிளையில போய் உக்கார?" என்றாள். ஆனாலும் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பறக்கத்தான் செய்தாள். ஆறு வீடும் கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்தன. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுச் சும்மா உருண்டபோது, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஏழாவது வீடு ஜல்லிக்கல் மேட்டுப் பாதையின் முடிவில். அங்கே இருப்பவர் முன்பு லாரி ஓட்டியவர்; இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவர் அடிமுதுகில் உள்ளங்கை அகலம் இருந்த படுக்கைப்புண்ணை, பதினாலு மாதத்தில் நக அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். மருந்தில் பாதி, புரட்டிப் படுக்கவைப்பதில் பாதி. இரண்டு மணிக்கொருதரம் சுவர்ப் பக்கம், ஜன்னல் பக்கம் என்று அவர் மனைவி கடிகாரம் பார்த்துத் திருப்புவாள்.

பாதி மேட்டில் ஒல்லி டயர் பஞ்சர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாள். கல் வழுக்கிற்று. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்திவிட்டது.

"மூணு மணி நேரமா ஜன்னல் பக்கமே படுத்திருக்கார்" என்று வாசலிலேயே புலம்பினாள் மனைவி. "திருப்ப விட்டாத்தானே! நர்ஸு தங்கச்சி எங்க விழுந்து கெடக்கோ, பாதையப் பாக்கணும்னு ஒரே அடம்."

நர்ஸம்மா அவரைப் புரட்டினாள். இடுப்பெலும்பின் மேல் புதிதாய் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. அடுத்த புண் அங்கே கிளம்பத் தயாராக இருந்தது.

"ஏண்ணே, இத்தனை மாசம் பட்ட பாட்ட ஒரே நாள்ல கவுக்கப் பாத்தீங்களே!"

"லாரி ஓட்டுனவனுக்கு அந்தப் பாதை தெரியும்மா" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "அதுல நூல் மாதிரி டயரப் போட்டுக்கிட்டு வந்திருக்க. நேரமாச்சுன்னா நான் எப்படிக் கண்ண எடுக்கறது?"

அவள் கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவினாள்.

"அண்ணி, அந்த அலமாரிக் கண்ணாடி கழலுமா?"

கழன்றது. அதைச் சுவர்ப் பக்கம் ஆணியடித்து மாட்டினாள். அவர் தலையணையில் தன் தலையையும் சாய்த்து, ஜன்னல் அதில் விழும்வரை சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது. ஆனா பாதை இடம் வலம் மாறிக் கெடக்கு."

"வரப்போறது நான்தானே. எந்தப் பக்கமா வந்தா என்ன? இனிமே திருப்பவிடலேன்னா நான் வரமாட்டேன், ஆமா."

ஒல்லி சைக்கிளை உருட்டிக்கொண்டே கடைக்குத் திரும்பினாள்.

"புடிக்கலையா?" என்றார் கடைக்காரர்.

"ரொம்பப் புடிச்சுது" என்றாள் நர்ஸம்மா. சீட்டை ஒருதரம் தடவினாள். "தடியனக் குடுங்க. பின்னால கேரியர் மாட்டி."

தார் ரோட்டில் தடியன் அசைந்து அசைந்துதான் போனான். அதற்காக அரைமணி முன்னே எழுந்தாள். நான்காம் நாள் மேடேறும்போதே வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"ஏய், கதவத் தெற! எருமை மேல ஏறி வர்றா பாரு!"

உள்ளே அவர் கண்ணாடியைப் பார்த்தபடி சுவர்ப் பக்கம் படுத்திருந்தார். சிவப்பை அழுத்தி விரலை எடுத்தாள். வெளுத்தது.

"சரி" என்று பையைத் திறந்தாள்.