ரோமாபுரியில் ஒரு கலகம், அடி அண்ணாமலையில் ஏழு கடைகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் கணினி முன் உட்கார்ந்து பழைய ரோமாபுரியை ஆள்வது என் வழக்கம். மகள் கல்யாணமாகி வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற கணினி அது. விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தவர் மாப்பிள்ளை. "சும்மா உக்காந்து அத்தைகிட்ட சண்டை போடுறதுக்கு இது தேவலாம் மாமா" என்றார். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் சிலர் விடியற்காலையில் நடக்கப் போகிறார்கள், சிலர் ஆசிரமத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்கிறார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை.

விளையாட்டில் போர் உண்டு. எனக்குப் பிடித்தது ஊர்களை நடத்துவதுதான். ஒவ்வோர் ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன முகம் இருக்கும். ஜனங்கள் நிம்மதியாக இருந்தால் பச்சை, முணுமுணுத்தால் மஞ்சள், கலகத்துக்குத் தயாரானால் சிவப்பு. விளைச்சல் நன்றாக இருந்தால் ஜனம் பெருகும். ஜனம் பெருகினால் அசுத்தம் பெருகும், முகம் சிவக்கும். சாக்கடை கட்டலாம், குளிக்கும் மண்டபம் கட்டலாம், கோயில் கட்டலாம், திருவிழா வைக்கலாம், வரியைக் குறைக்கலாம். எதுவும் எடுபடாவிட்டால் தெருவுக்குத் தெரு சிப்பாய்களை நிறுத்தலாம்.

ஒரே வாரத்தில் எனக்கு இது கைவந்துவிட்டது. முப்பது வருஷம் நான் பார்த்த வேலை இதுதானே. தெரு, கடை, குப்பை, குடிநீர், பௌர்ணமிக் கூட்டம் எல்லாவற்றையும் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. தவறு அதனுடையது அல்ல, என்னுடையது.

எல்லையோரத்தில் ஓர் ஊர் மட்டும் எனக்கு அடங்கவே இல்லை. கோயில் கட்டினேன், வாய்க்கால் வெட்டினேன், வரியைக் குறைத்தேன். முகம் மஞ்சளுக்கு வரும், மறுபடி சிவக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போனில் வந்தபோது கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊரைத் திருத்த முடியாது மாமா. ஒரு குறுக்கு வழி இருக்கு, எல்லாரும் அதான் பண்றாங்க."

"சொல்லுங்க மாப்ள."

"வரியை ஏத்துங்க. சிப்பாய்ங்கள வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. சாக்கடை கீக்கடை எதுவும் கட்டாதீங்க. அவங்களே கலகம் பண்ணிடுவாங்க. பண்ணட்டும்னு விட்டுடுங்க. அப்புறம் படையோட போய் ஊரைப் பிடிச்சா, ஜனத்தை என்ன பண்றதுனு கேக்கும். முக்காவாசிய கொன்னுடுங்க. ஜனம் கம்மி, அசுத்தம் கம்மி. ஊரு பச்சையாயிடும்."

"கலகம் பண்றதுக்கு முன்னாடியே பண்ண முடியாதா?"

"முடியாது மாமா. சும்மா இருக்கிறவங்கள ஒண்ணும் பண்ண முடியாது, அந்த பட்டனே வராது. அவங்க தப்பு பண்ணாதான் வரும்."

மனைவி தலை நிமிராமல், "இத அவருக்கு நீங்க சொல்லித் தரணுமா மாப்ள?" என்றாள். மாமனாரின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன் நானே பெருமையாக அவளிடம் சொன்ன கதை அது.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஏழு கடைகள் வரிசையாக இருந்தன. சுக்குக் காப்பி, சோடா, இளநீர், கற்பூரம். ஏழு பேரிடமும் அனுமதிச் சீட்டு இருந்தது. பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தபோது அவர்களுக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்து, வேறு இடம் காட்டிய பிறகே எடுக்க முடியும். வேறு இடம் தேட ஆறு மாதமாவது ஆகும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அந்த வரிசைக்குக் குப்பை வண்டி போவதை நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த குழாயைப் பழுது என்று சொல்லி அடைத்தேன். எங்கும் எழுத்தில் இல்லை, வாய்வார்த்தைதான்.

முதல் கடை சுக்குக் காப்பிக்காரம்மாவுடையது. அப்போது நாற்பது வயதிருக்கும், கணவர் இல்லை, ஒரு பெண் குழந்தை. ஆய்வுக்குப் போகும்போதெல்லாம், "சார், தொப்பை ஏறுது, சக்கரை கம்மியா போடறேன்" என்று சொல்லித்தான் தம்ளரை நீட்டுவாள். மற்ற ஆறு பேருக்கும் அவள் பேச்சுதான் பேச்சு. குழாய் அடைபட்ட மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு வந்தாள்.

"நாத்தம் தாங்கல சார். கும்பிட வர்றவங்க மூக்கப் பொத்திக்கினு ஓடறாங்க."

"மேல சொல்லியிருக்கேம்மா."

"மத்த கடைப் பசங்க ரோட்டுல குந்தலாங்கறாங்க. நான்தான் சாரக் கேட்டுக்கினு வரேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். குந்தலாமா சார்?"

நான் அதற்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தேன். "குந்தினாத்தான் மேல இருக்கறவங்க காதுல விழும்" என்றேன். என்றைக்கு என்று கேட்டாள். "பௌர்ணமிக்கு முந்தின நாள். அன்னைக்குத்தான் எல்லா அதிகாரியும் பாதையப் பாக்க வருவாங்க" என்றேன். இரண்டு வாக்கியங்களும் பொய் இல்லை. இதைப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேறு எந்த நாளில் உட்கார்ந்திருந்தாலும் யாராவது வந்து சமாதானம் பேசி எழுப்பியிருப்பார்கள். ஊர் ஊராக பஸ் பிடித்து ஜனம் வந்திறங்கப் போகிற நேரத்தில் பாதையை மறித்தால் பேச்சுக்கு இடம் கிடையாது. அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை, நோட்டீஸும் வேண்டாம், வேறு இடமும் காட்ட வேண்டாம். ஏழு பேரையும் வேனில் ஏற்றினார்கள். வழக்கில் முதல் பெயர் அவளுடையது. மாலைக்குள் பொக்லைன் ஏழு கடைகளையும் தள்ளி முடித்தது. மறுநாள் பாதை அகலமாக, சுத்தமாக இருந்தது. என் மேலதிகாரி எல்லோர் முன்னிலும் என் கையைக் குலுக்கினார்.

அவரைக்காயை நறுக்கி முடித்த பிறகு மனைவி இன்னொன்றும் சொன்னாள். "அந்தக் காப்பிக்காரம்மா இப்ப செங்கம் ரோட்டுல தட்டுல வேர்க்கடலை விக்குது. போலீஸ் வந்தா தூக்கிட்டு ஓடுது. பாதையில கடை போட இப்ப கார்டு குடுக்கறாங்களாம். முன்னாடி கடை வச்சிருந்ததுக்கு அத்தாட்சி கேக்கறாங்களாம். இருந்த சீட்டு கடையோட போச்சுனு சொல்லி அழுதுச்சு. இந்த மாசக் கடைசிதான் கெடுவாம்."

"எப்பச் சொன்னா?"

"போன வாரம். உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன்."

அத்தாட்சி என் பெட்டியில் இருந்தது. பாதையை அகலப்படுத்துமுன் நான் கடைகளை அளந்து எழுதிய தாளின் நகல். ஏழு கடைகள், ஏழு பெயர்கள், சீட்டு எண்கள், கீழே என் கையெழுத்து. தபாலில் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குப் போனேன். அவள் ஓர் ஓட்டல் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "சாரா? தொப்பையக் காணோமே!" என்று சிரித்தாள். கடலை மடித்துக் கையில் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். குழாயை அடைத்தது நான், வண்டியை நிறுத்தியது நான், நாள் குறித்துக் கொடுத்தது வேனில் ஏற்றுவதற்காக.

ஒரு வெள்ளைக்காரர் கடலை கேட்டார். மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, "திரும்பச் சொல்லு சார்" என்றாள். திரும்பச் சொன்னேன்.

"அப்ப தெரிஞ்சேதான் சொன்ன."

"தெரிஞ்சேதாம்மா."

"சாரையும் எவனோ ஏமாத்திட்டான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." தட்டைச் சுவர்மேல் வைத்தாள். "அந்த ஆறு பேரும் என்னைத்தான் சார் ஏசறாங்க. உன் பேச்சக் கேட்டுக் குந்தினோம், எங்க பொழப்பு போச்சுன்னு. அதிகாரிகிட்ட காசு வாங்கிக்கினு குந்த வச்சேன்னுகூட ஒருத்தர் சொன்னாரு. எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தரும் வரல. அப்பவும் சார் பேர நான் எடுக்கல."

தாளை நீட்டினேன். கூடவே, ஏழு பேரும் முறையாகக் கடை வைத்திருந்தவர்கள், அவர்கள் மறியல் செய்யக் காரணம் நான் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் இருந்தது. அவள் வாங்கவில்லை.

"ஆபீசுல நீயே குடு. வேணான்னு சொல்ல எனக்கு வக்கில்ல. ஆனா கார்டு வந்தா மட்டும் ஆச்சா? அவங்க வாசல்ல நின்னு உன் வாயால சொல்லணும். நானும் வரேன். என் காதால கேக்கணும்."

தாளையும் கடிதத்தையும் அன்றைக்கே அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் இரண்டு முறை படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதினீங்களா சார்?" என்றார். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ரோமாபுரியில் அந்த ஊரின் முகம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை சொன்னதை நான் செய்யவில்லை, கணினியைத் திறந்தே பல நாள் ஆகிறது.

வியாழக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போனோம். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். கற்பூரக்கடைக்காரர் இறந்துவிட்டார். அவர் மனைவி கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், சரிதான். இரண்டு பேருக்கு எப்போதோ ஆறிப்போயிருந்தது. இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்றார்கள். ஒருவர் சென்னைக்குக் குடிபோய்விட்டார், அவர் தம்பியிடம் சொன்னேன்.

கடைசி வீடு சோடாக் கடைக்காரருடையது. காசு வாங்கியதாகச் சொன்னவர் அவர்தான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

"வெயில்ல ஏன் நிக்கற? உள்ள வாக்கா, குந்து" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நான் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.